எந்திரிங்க பாஸ்... ஆக்காட்டி கூப்பிடுது!

ஞாயித்துக்கிழமை காலை அஞ்சு மணிக்கு நீங்க என்ன பண்ணிட்டு இருப்பீங்க? பொய் சொல்லாதீங்க. போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிட்டு, 'இன்னிக்கு லீவு'ங்கிற சந்தோஷத்துல பாதித் தூக்கத்துல சிரிச்சிட்டு இருப்பீங்க. போன மாசம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

'பறவை பார்க்கப் போகணும், ஞாயிறு ஒரு கட்டுரை வேணும்' என்று பத்திரிகையில் சொன்னப்ப, 'ஆஹா, நாலு போட்டோ, நாப்பது வரி, முடிஞ்சுது வேலை' என்றுதான் நினைத்தேன். முதல் தடையே ஹாஸ்டல் வாசலில் நின்றது. காலை அஞ்சு மணிக்கு வெளியே போகணும்னா பெர்மிஷன் லெட்டர் வேணும். 'காரணம்' என்ற இடத்தில் 'பறவை பார்க்க' என்று எழுதிக் கொடுத்தேன். வார்டன் மேடம் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எந்தப் பறவை? எந்த டிபார்ட்மென்ட்? எந்த இயர்?"

நிஜமாவே ரெக்கை இருக்கிற பறவைதான் என்று நிரூபிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு மக்களே!

காந்திபுரத்தில் பூண்டி பஸ் ஏறினா, உள்ளே நிற்க இடம் இல்லை. மாசி மாசம் இல்லையா? வெள்ளிங்கிரி மலை ஏறப் போகிற கூட்டம். ஆளுக்கு ஒரு மூங்கில் தடி, தோளில் பை. ஒரு அண்ணன் என் கழுத்தில் தொங்கிய பைனாக்குலரைப் பார்த்துட்டு, "ஏழாவது மலையை இங்கிருந்தே பார்த்துருவீங்களாட்ட இருக்குதுங்?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. இத்தனைக்கும் அந்தப் பைனாக்குலர் இரவல்!

மாதம்பட்டியில் இறங்கி, வண்டி வைத்திருந்தவங்க பின்னாடி தொத்திக்கொண்டு, சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்ப மணி ஆறேகால். மொத்தம் பதினாலு பேர். என்னை மாதிரி கல்லூரிப் பசங்கதான் இருப்பாங்கன்னு நினைச்சேன். இல்லை. ரிட்டையர்ட் பேங்க் ஆபீசர் ஒருத்தர், ஒரு பல் டாக்டர் அக்கா, சிவில் படிக்கிற ரெண்டு ஜூனியர்ஸ், அம்மாவைக் கூட்டிட்டு வந்த ஒரு ஏழாங்கிளாஸ் பையன் (ஆமாம், அவன்தான் அம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தான்). குழுவை நடத்திப் போகிறவர் பீளமேட்டுப் பக்கம் மோட்டாருக்கு காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணன். வாரம் ஆறு நாள் செப்புக் கம்பி, ஏழாவது நாள் பறவை. அவரைக் காயில் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை பறவையைத் தேடுறது இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய், "ராத்திரி ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். 'ஏதும்' என்றால் யானை. தொண்டாமுத்தூர், ஆலாந்துறை சைடில் இது 'காபி சாப்ட்டீங்களா' மாதிரி சாதாரணக் கேள்வி. "இந்தப் பக்கம் வரலீங்" என்று பதில் வந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தோம்.

அடுத்து, ரூல்ஸ். பளிச் கலர் டிரெஸ் கூடாது. (நான் போட்டிருந்தது எலுமிச்சை மஞ்சள் சுடிதார். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. டாக்டர் அக்கா அவங்க சாம்பல் கலர் சால்வையைக் கழட்டிக் கொடுத்தாங்க.) செல்போன் சைலன்ட்டில் இருக்கணும். கை நீட்டிக் காட்டக் கூடாது, 'பத்து மணி திசை, இலவ மரம், நடுக் கிளை' என்று கடிகார முள் கணக்கில் மெதுவாகச் சொல்லணும். ஸ்பீக்கரில் பறவைக் குரலை ஓடவிட்டு நிஜப் பறவையை வரவழைக்கிறது கூடவே கூடாது. வேற ஒரு பறவை தன் எல்லைக்குள்ளே நுழைஞ்சிடுச்சுன்னு நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது சண்டைக்கு அலையுமாம்.

பைனாக்குலரில் 8×42 என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸோட விட்டம் 42 மில்லிமீட்டர். 'எட்டு என்ன எட்டு, இருபது மடங்கு வாங்கினா என்ன?' என்று சிவில் ஜூனியர் கேட்டான். உருவம் பெரிசானா நம்ம கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிசாகும் தம்பி, பறவை தெரியாது, டான்ஸ்தான் தெரியும் என்றார் அண்ணன். முன் லென்ஸ் அகலமா இருந்தா விடிகாலை மங்கல் வெளிச்சத்திலும் நிறம் தெரியும். அதனால இந்த அளவுதான் பறவைக்காரங்களோட ஃபேவரைட்.

இங்கே ஒரு சின்ன சந்தேகம். எங்க காலேஜ் கல்ச்சுரலுக்குப் பேரு 'ஸ்பிரிங் ஃபெஸ்ட்'. பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பத்தை உலகமே வசந்தத்தின் தொடக்கம் என்கிறது. நம்ம கணக்குப்படி மாசி, பங்குனி ரெண்டும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். ஆனா அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு இலவ மரம் நின்றது பாருங்க... ஒரு இலை கிடையாது, கிளை முழுக்கச் சிவப்புச் சிவப்பாப் பூ. மேலே கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் ஆளுக்கொரு பூவில் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தன. டீக்கடைக் கூட்டம் மாதிரி சலசலப்பு. எங்கேயோ ஒரு குயில் வேறு விடாமல் கூவியது. பஞ்சாங்கம் என்ன வேணா சொல்லட்டும், பறவைங்களுக்கு ஸ்பிரிங் வந்தாச்சு.

திடீர்னு 'விர்ர்ர்'னு ஒரு கூட்டம். ரோஸ் உடம்பு, கறுப்புத் தலை, கறுப்பு ரெக்கை. மரத்தில் உட்கார்ந்ததும் மரமே கத்த ஆரம்பித்தது. சூறைக்குருவி. கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியாப் பக்கம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பறவை. குளிர்காலத்துக்கு நம்ம ஊருக்கு வந்து தங்கும். இன்னும் கொஞ்ச வாரத்தில் மூட்டை கட்டிக் கிளம்பிடும்.

"எத்தனை இருக்கும்?" என்று காயில் அண்ணன் கேட்டார்.

"ஆயிரம்!" என்றேன் நான், டக்கென்று.

அவர் சிரிக்கலை. "முதல்ல பத்தை மட்டும் எண்ணும்மா. அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு மனசுல வெச்சுக்க. அதே மாதிரி எத்தனை பத்து இருக்குன்னு பாரு." பார்த்தேன். இருபத்திநாலு பத்து. 240! என் கண்ணு நாலு மடங்கு பொய் சொல்லியிருக்கு. 'எங்க ஊர்ல லட்சக்கணக்குல வருமுங்க'ன்னு யாராவது சொன்னா இனிமே நான் நம்ப மாட்டேன்.

நான் ஈ.சி.ஈ. மூணாம் வருஷம். டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் பேப்பரில் ஒரு அரியர் வைத்திருக்கிறேன். (அப்பா இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.) அந்த ஏழாங்கிளாஸ் பையன் செல்போனில் மெர்லின் என்று ஒரு ஆப் வைத்திருந்தான். அமெரிக்காவில் இருக்கிற கார்னெல் பறவை ஆய்வகத்தோடது. பக்கத்தில் கத்துகிற பறவையின் சத்தத்தைக் கேட்டு, அது எந்தப் பறவை என்று பேர் சொல்லும். ஸ்கிரீனில் சாம்பல் சாம்பலாக் கோடு ஓடியது. அட... இது ஸ்பெக்ட்ரோகிராம்! குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண், கருப்பு அடர்த்தியா இருந்தா சத்தம் ஜாஸ்தி. அந்தச் சத்தப் படத்தைத்தான் தனக்குத் தெரிஞ்ச படங்களோட அது ஒப்பிட்டுப் பார்க்குது. ஒரு செமஸ்டர் பூரா போர்டில் எழுதியும் மண்டையில் ஏறாதது, ஒரு செம்போத்து 'ஊப்... ஊப்... ஊப்' என்று கத்தினதும் ஏறிடுச்சு. செம்போத்துக்கு ஸ்கிரீனின் அடியில், தாழ்ந்த அதிர்வெண்ணில் வரிசையாத் திட்டுத் திட்டு. தேன்சிட்டுக்கு உச்சியில் ஊசி ஊசியா. பையனிடம் விளக்கினேன். "அது எனக்குத் தெரியுங்க்கா. ஆனா ஆப் சில சமயம் தப்பாச் சொல்லும். கண்ணால பார்த்தாத்தான் எழுதணும்" என்றான். ஏழாங்கிளாஸ்!

சரி, நாம் நடந்துகொண்டிருந்த இந்த ஆறு எது? நொய்யல். பழைய பேரு காஞ்சிமாநதி. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேருகிறது. சித்திரைச்சாவடியில் ஆற்றை மறித்து, வாய்க்காலில் திருப்பி விட்டிருக்காங்க. அந்த வாய்க்கால்தான் கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று கோவையின் மேற்குப் பக்கக் குளங்களுக்குத் தண்ணி கொண்டுபோகுது. ஒரு குளம் நிரம்பினா அடுத்ததுக்கு. கீழே போகப் போக வேற வேற தடுப்பணை, வேற வேற வாய்க்கால். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாமே இந்த ஒரு ஆத்தோட பிள்ளைங்க. சிங்காநல்லூர்க் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர் பாதுகாப்பு மண்டலம் என்று கோவை மாநகராட்சி அறிவித்தது. நம்ம டவுன் பஸ் ஜன்னலுக்கு வெளியே கூழைக்கடா நீந்துற ஊரு இது. எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கோம்?

அணைக்கட்டின் ஈரமான சுவரில் ஏதோ ஒண்ணு வாலை ஆட்டிக்கொண்டே ஓடியது. நான்தான் முதலில் பார்த்தேன் (இதை நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்குங்க). மேலே சாம்பல், அடிவயிறு மஞ்சள், உடம்பைவிட நீளமா ஒரு வால். ஒரு நொடிகூட அந்த வால் சும்மா இருக்கலை. சாம்பல் வாலாட்டி. எடை சுமார் 20 கிராம். நம்ம பாக்கெட்டில் இருக்கிற நாலைஞ்சு சில்லறைக் காசு வெயிட்டுதான். இமயமலையிலும் அதைத் தாண்டியும் இருக்கிற ஓடைகளில் கூடு வைக்கும். நம்ம பக்கம் குளிர்காலத்துக்கு வரும். நடுவில் எத்தனை மாநிலம், எத்தனை ஹைவே, எத்தனை காத்தாலை! பேங்க் ஆபீசர் சார் தன் நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு வருஷமும் இதே சுவர்ல வாலாட்டியை முதல்ல பார்த்த தேதி, கடைசியா பார்த்த தேதி. இந்த வருஷத்துக்கு முதல் கட்டம் நிரம்பியிருந்தது. ரெண்டாவது காலி.

"இன்னிக்குப் பார்த்தாச்சு. அடுத்த வாரமும் இருந்தா தேதியை மாத்துவேன். ஒரு வாரம் இருக்காது. அப்ப பழைய தேதியை இங்க் பேனாவுல எழுதிடுவேன்" என்றார். அந்த 'ஒரு வாரம் இருக்காது' எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.

கொஞ்சம் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. பதினாலு பேர் கண்ணில் குழாயை வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தா யாருக்குத்தான் ஆச்சரியமா இருக்காது?

"என்ன கண்ணு, சர்வே எடுக்கறீங்களா? ரோடு வருதா?"

"இல்லைங்காத்தா, குருவி பார்க்கறோம்."

"குருவியா! அதைப் பார்க்கவா டவுன்ல இருந்து வந்தீங்க?" என்று கேட்டுட்டு, அடுத்த பத்து நிமிஷம் ஆத்தா எடுத்தாங்க பாருங்க கிளாஸ்! கொக்கு வேற, மடையான் வேற. மடையான் உட்கார்ந்தா மண்ணு நிறம், பறந்தா பூரா வெள்ளை. மாட்டுக்குப் பின்னாடியே திரியறது உண்ணிக்கொக்கு. ஆளைக் கண்டா ஊரைக் கூட்டறது ஆக்காட்டி. புத்தகத்தில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி. அதன் குரலை இங்கிலீஷ்காரங்க 'டிட் ஹி டூ இட்' என்று கேட்டாங்க. "அது 'ஆளு வந்தாச்சு, ஆளு வந்தாச்சு'ங்குது" என்றாங்க ஆத்தா. ரெண்டையும் மனசுக்குள் சொல்லிப் பாருங்க. நான் ஆத்தா கட்சி.

"மயிலு எத்தனை வேணும், பிடிச்சுட்டுப் போறீங்களா? நிலக்கடலை விதைச்சா அதுக்குத்தான்" என்று ஒரு குறையும் சொன்னாங்க. சிரிக்காதீங்க, கொங்கு விவசாயிங்க கிட்டப் பேசினா முதல் புகார் இதுதான். 2023-ல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையும் மயில் எண்ணிக்கை வேகமாக் கூடியிருக்குன்னுதான் சொல்லுது. அதே அறிக்கையின் மறுபக்கம் அவ்வளவு சந்தோஷமா இல்லை. நீண்ட காலப் போக்கைச் சொல்ல முடிகிற அளவுக்குத் தகவல் கிடைத்த 338 வகைகளில் 204 வகை குறைஞ்சிருக்கு. இதை யாரோ பெரிய விஞ்ஞானிகள் மட்டும் காட்டுக்குள்ளே உட்கார்ந்து கண்டுபிடிச்சதா நினைக்காதீங்க. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஆளுங்க, இந்தக் காயில் அண்ணன் மாதிரி, பேங்க் சார் மாதிரி, ஈ-பேர்டு தளத்தில் பதிவு பண்ணின மூணு கோடிப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சோம், எவ்வளவு தூரம் நடந்தோம், என்னென்ன, எத்தனை... இதை மட்டும் ஒழுங்கா எழுதினாப் போதும். 'ஆயிரம்'னு அடிச்சுவிடாம!

ஆத்தா சொன்னதில் ஒண்ணு மட்டும் நான் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "முன்னெல்லாம் மணலு இருந்துச்சு கண்ணு. கையில தோண்டுனா ஊத்துத் தண்ணி வரும். இப்பக் கல்லுதான் கிடக்குது. ஆக்காட்டிக்கு மட்டும் அதுவே போதுமாட்ட இருக்குது."

அதுக்கு அர்த்தம் கால் மணி நேரத்தில் புரிந்தது. ஆத்துக்குள்ளே கூழாங்கல் திட்டில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு ஆக்காட்டி தலைக்கு மேலே வந்து கத்த ஆரம்பித்தது. இன்னொண்ணு முன்னாடி தரையில் நொண்டுற மாதிரி ஓடுது, நிக்குது, திரும்பிப் பார்க்குது. ஜூனியர் ஒருத்தன் 'பாவம், அடிபட்டிருக்கு' என்று ரெண்டு எட்டு வைத்தான். "நில்லு! காலை எடுக்காதே!" என்றார் அண்ணன். அன்னிக்கு அவர் சத்தமாப் பேசினது அந்த ஒரு தடவைதான்.

அவன் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நாலு முட்டை. சத்தியமாச் சொல்றேன், காட்டின பிறகும் எனக்கு அரை நிமிஷம் கண்ணுக்குத் தெரியலை. மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளி, சுற்றிலும் அதே மாதிரி கல். கூடுன்னு ஒண்ணும் இல்லை, லேசா ஒரு பள்ளம். நாலு முட்டையும் கூர் நுனி உள்பக்கமா, பூ மாதிரி அடுக்கியிருந்தது. ஆக்காட்டி முட்டையிடுகிற காலமே மார்ச்சில்தான் ஆரம்பிக்குது. வெயில் ஏறினா தாய்ப் பறவை தண்ணிக்குப் போய் வயித்து இறகை நனைச்சுட்டு வந்து முட்டை மேல உட்காருமாம், சூட்டைத் தணிக்க. அந்த நொண்டல், கத்தல் எல்லாம் நம்மை முட்டைகிட்ட இருந்து நகர்த்துற நடிப்பு.

ஜூனியர் செல்போனை எடுத்தான். எடுக்கத் தோணும், எனக்கும் தோணுச்சு. இந்தப் பக்கத்துக்கு எப்பேர்ப்பட்ட போட்டோவா இருந்திருக்கும்! "எவ்வளவு நேரம் நாம நிக்கறமோ, அவ்வளவு நேரம் முட்டை வெயில்ல கிடக்கும். மேல பாரு" என்றார் அண்ணன். மேலே ரெண்டு காக்கா. நாம எங்கே குனியறோம்னு அதுங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்? போனை உள்ளே வைத்தான். வந்த காலடியிலேயே பின்னாடி நடந்து கரை ஏறினோம். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறதா இருந்தது. அதை அங்கேயே ரத்து பண்ணிட்டாங்க. யாரும் முகம் சுளிக்கலை. அதனாலதான் இந்தக் கட்டுரையில் முட்டைப் படம் இல்லை. லே-அவுட் அண்ணன் மன்னிக்கவும்.

மிச்ச நேரத்துக்குப் பேரூர் போகலாம் என்று முடிவாச்சு. பட்டீஸ்வரரைத் தாண்டிப் படித்துறை, அங்கிருந்து ஆத்தோரமாக் கொஞ்ச தூரம். அதே நொய்யல்தான். ஆனா மூக்கு முதலில் கண்டுபிடிச்சுடுச்சு. கறுப்பா ஒரு ஓடை, பிளாஸ்டிக் கவர், பழைய துணி. எனக்கு வந்த வேகத்தில் திரும்பிடலாம் போல இருந்தது. ஆனா பறவை? காலையைவிட ஜாஸ்தி! ரோஸ் கலர்ல நீளக் கால் வைத்த நெடுங்கால் உள்ளான் மட்டும் அறுபதுக்கு மேல (பத்துப் பத்தா எண்ணியது). வாலாட்டி, மடையான், உண்ணிக்கொக்கு. 'அப்ப சாக்கடை பறவைக்கு நல்லதா?' என்று நான் கேட்டேன். முட்டாள்தனமான கேள்வின்னு நினைச்சேன். இல்லை, நல்ல கேள்வி என்றார் அண்ணன்.

அவர் சொன்னது இதுதான். எத்தனை பறவைன்னு பார்க்காதே, எந்தப் பறவைன்னு பாரு. சேத்துப் புழுவும் பூச்சியும் தின்கிறதுக்கு இந்தத் தண்ணி விருந்து. ஆனா கறுப்பு வெள்ளை மீன்கொத்தி இருக்கே, அது தண்ணிக்கு மேலே ஒரே இடத்தில் ரெக்கையடிச்சு நின்னு, கீழே மீன் தெரிஞ்சாத்தான் பாயும். மேலே அணைக்கட்டில் ரெண்டு பார்த்தோம். இங்கே? அரை மணி நேரம் தேடினோம். ஒண்ணுகூட இல்லை.

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை சொல்லிக்கிறேன். எனக்கு நொய்யல்னா திருப்பூர். அப்பா அங்கே சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். அம்மாவைப் பெத்த அப்பிச்சிக்குத் தோட்டம் சென்னிமலைப் பக்கம், அதே ஆத்துக்குக் கீழே. 1992-ல் அங்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டினாங்க. சுமார் 20 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம்னு திட்டம். வந்தது திருப்பூர்ச் சாயத் தண்ணி. உலகத்திலேயே 'எங்க அணையில தண்ணி தேக்காதீங்க'ன்னு விவசாயிங்க கெஞ்சினது அனேகமா இங்கேதான் இருக்கும். அப்பிச்சி தோட்டத்துக் கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகாதாம். அமுச்சி சொல்வாங்க. மஞ்சள் போச்சு, அப்புறம் தென்னை ஒவ்வொண்ணா மண்டை காஞ்சுது. 'இந்த சீசன்ல ஃபாரின்காரன் என்ன கலர் சட்டை போடறான்னு நொய்யலைப் பார்த்தாத் தெரியும்' என்பது எங்க ஊர் ஜோக். சின்ன வயசில் நானும் சிரிச்சிருக்கேன்.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நான் அப்ப ஒண்ணாங்கிளாஸ். அப்பா பல மாசம் வீட்டில் இருந்தது எனக்கு ஜாலியா இருந்தது, அம்மாவுக்கு இல்லை. அப்பிச்சி வீட்டில் அந்த உத்தரவுக்கு சந்தோஷப்பட்டாங்க, எங்க வீட்டில் அழுதாங்க. ரெண்டும் ஒரே குடும்பம். அப்புறம் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாம சுத்திகரிக்கணும்ங்கிற முறையில் பட்டறைங்க திறந்தாங்க. அப்பா அதே வேலைக்குத் திரும்பப் போனார். என் செமஸ்டர் ஃபீஸ் அதில் இருந்துதான் வருது. அதனால நொய்யலைப் பத்தி யாராவது மேடையில் ரெண்டு வரியில் தீர்ப்பு சொன்னா, எனக்குக் கை தட்ட வராது.

ஆனா திருப்பூர்ல ஒரு நல்ல சேதியும் இருக்கு. ஊரை ஒட்டி இருக்கிற நஞ்சராயன் குளத்தை 2022-ல் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்ட்டில் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துடுச்சு. உலக அளவில் முக்கியமான நீர்நிலைங்களோட பட்டியல் அது. பிறந்ததில் இருந்து நான் அந்த ஊரு. ஒரு தடவைகூட அந்தக் குளத்துக்குப் போனதில்லை!

உங்களுக்கும் போகணும்னு தோணுதா? பைனாக்குலர் இல்லையேன்னு யோசிக்காதீங்க, குழுவில் போனா யாராவது தருவாங்க. கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி மாதிரி அமைப்புகள் இந்தக் குளங்களில் பறவைகளைத் தொடர்ந்து பதிவு பண்றாங்க. தமிழ்ப் பேர் தெரியணும்னா, கோவைக்காரரான பேராசிரியர் க.ரத்னம் எழுதின 'தமிழ்நாட்டுப் பறவைகள்' புத்தகத்தை லைப்ரரியில் தேடுங்க. ஆனைகட்டியில் சலீம் அலி பேரில் 1990-ல் தொடங்கின பறவை ஆராய்ச்சி மையமே இருக்கு, நம்ம ஊரில் இருந்து ஒரு மணி நேரப் பயணம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கிற நாலு நாள் கணக்கெடுப்பு. பின்னதுக்கு உங்க காலேஜ் கேம்பஸை விட்டு வெளியே போகக்கூட வேண்டாம், வார்டனுக்கு லெட்டரும் வேண்டாம்!

பத்தரை மணிக்குப் பேரூர் டீக்கடையில் உட்கார்ந்து பட்டியலைக் கூட்டினோம். 52 வகை. எனக்கு மட்டும் 51, ஏன்னா அந்தச் சிறுநீல மீன்கொத்தியை எல்லாரும் பார்த்தப்ப நான் செருப்பில் குத்தின முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். 'கண்ணால பார்த்தாத்தான் எழுதணும்' என்று ஏழாங்கிளாஸ் வாத்தியார் கறாராச் சொல்லிட்டார்.

ஹாஸ்டலுக்குத் திரும்புகிற பஸ்ஸில் இருந்து அப்பிச்சிக்குப் போன் போட்டேன். இலவ மரம், சூறைக்குருவி, சுவரில் ஓடின வாலாட்டி, ஆக்காட்டி முட்டை எல்லாத்தையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் குறுக்கே ஒண்ணும் பேசலை. லைன் கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன்.

"ஏங் கண்ணு, தண்ணி என்ன நெறமா இருந்துச்சு?"

"மேல அணைக்கட்டுலங்களா அப்பிச்சி? நெறமே இல்லீங்க. அடியில கல்லு தெரிஞ்சுதுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கல்லு தெரிஞ்சுதா" என்றார். அப்புறம், "அந்தக் குழாயைச் சித்திரை லீவுக்கு வரும்போது எடுத்துட்டு வா. இங்கேயும் ரெண்டு மூணு தினுசு வந்து உக்காருது. எனக்குக் கண்ணு எட்டறதில்லை" என்றார்.

இரவல் பைனாக்குலரைத் திருப்பித் தர ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் அக்காகிட்டச் சொல்லியாச்சு. சால்வையும் இன்னும் என்கிட்டத்தான் இருக்கு.